மரவாத்து செதுக்கும்போது எங்கே தவறுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்காவின் மேரிலாந்தில், சஸ்குவேஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடத்தில், ஹாவர் டி கிரேஸ் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. ‘உலகின் டெக்காய் தலைநகர்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். டெக்காய் என்பது பறந்துபோகும் காட்டு வாத்துகளை நீரில் இறங்கவைக்க வேட்டைக்காரர்கள் மிதக்கவிடும் மரவாத்து. அந்த ஊரில் பெயர்பெற்ற செதுக்குநர் ஆர். மேடிசன் மிட்செல் (1901–1993), பிழைப்புக்கு இறுதிச்சடங்கு நிலையம் நடத்தியவர். அதே மாநிலத்தின் கிறிஸ்ஃபீல்டில் வாழ்ந்த லெம், ஸ்டீவ் என்ற வார்டு சகோதரர்கள் முடிதிருத்துபவர்கள். ஆகவே தச்சு வேலை தெரியாமல் இதில் இறங்கலாமா என்ற தயக்கம் வேண்டாம்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இந்த வேலையில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. பெயிண்டில் தெரியும் வெடிப்பு மரம் வாங்கிய அன்றே ஆரம்பித்திருக்கும். கண் கோணலாக இருந்தால், கண் பதிப்பதற்கு வெகுமுன்பே, கட்டையில் கோடு போட்ட இடத்தில் போய்த் தேட வேண்டும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே, இப்போது என்ன செய்வது என்பதோடு எந்தப் படிக்குத் திரும்பிப் பார்ப்பது என்றும் சொல்லியிருக்கிறேன்.

முதல் பறவையாக, மல்லார்ட் என்ற பச்சைத்தலைக் காட்டு வாத்தின் ஆண் பறவையை எடுத்துக்கொள்வது நல்லது. உருவம் பெரியது, நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும், படங்களும் ஏராளமாகக் கிடைக்கும். உடலுக்குச் சுமார் 15 அங்குல நீளமும் 6 அல்லது 7 அங்குல அகலமும் உள்ள கட்டை, தலைக்குத் தனிக் கட்டை. மரம் வடக்கு வெள்ளை சிடார், வெள்ளை பைன், பாஸ்வுட் இவற்றில் எது கிடைத்தாலும் சரி. லூசியானாவின் சதுப்புநில டுபெலோ மரத்தைப் பலரும் புகழ்வார்கள். சுழலும் மின்கருவிகளுக்கும் நுணுக்கமான இறகு வேலைக்கும் அது அருமையான மரம்தான். கைக்கத்தியோடு தொடங்குபவருக்கு, காய்ந்த டுபெலோ வீண் மல்லுக்கட்டு. கருவி என்று பார்த்தால் ஒரு செதுக்குக் கத்தி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துத் தன்னை நோக்கி இழுத்துச் சீவும் ட்ரா நைஃப், ஒரு முரட்டு அரம், உப்புத்தாள், கட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், இடது கைக்கு வெட்டுப்படாத கையுறை. இவ்வளவு போதும்.

கத்தி சீவாமல் மரத்தைப் பிய்க்கிறது

முதலில் கத்தியைச் சோதியுங்கள். ஒரு பைன் துண்டின் முனையில், நாருக்குக் குறுக்காக ஒரு சீவு சீவுங்கள். வெட்டிய இடம் மழமழவென்று இருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. நசுங்கியோ வெள்ளைக் கோடுகளாகவோ தெரிந்தால் கூர் போய்விட்டது. புதிதாக வாங்கிய கத்தி என்பதற்காக விட்டுவிட வேண்டாம். கடையில் வரும் கத்திகளில் பலவற்றை மரத்துக்குக் கொண்டுபோகும் முன்பே தீட்ட வேண்டியிருக்கும். தீட்டிய பிறகு, மெருகுப் பசை தடவிய தோல்பட்டையில் முதுகுப் பக்கமாக இழுத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் கல்லுக்குப் போகும் வேலை வெகுவாகக் குறையும்.

கத்தி நன்றாக இருந்தும் பிய்க்கிறது என்றால் நீங்கள் போகும் திசை தவறு. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் சீவ வேண்டும். வாத்தின் முதுகில் உயரமான இடத்திலிருந்து வால் பக்கம் ஒரு திசை, அதே இடத்திலிருந்து மார்புப் பக்கம் எதிர்த்திசை. கழுத்தின் பின்வளைவு போன்ற குழிகளில் இரண்டு பக்கமிருந்தும் இறங்கிவந்து குழியின் அடியில் சந்திக்க வேண்டும். ஒரே இழுப்பில் குழியைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏறினால் கத்தி நாருக்குள் நுழைந்து மரத்தைப் பிளந்துவிடும். சந்தேகம் வந்தால் கட்டையைத் திருப்பி வைத்து, எதிர்ப்பக்கமிருந்து ஒரு மெல்லிய சீவு சீவிப் பாருங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மரமே காட்டிக்கொடுக்கும்.

கணுவைச் சுற்றி மட்டும் பிய்ந்தால் அந்த இடத்தை அரத்துக்கு விட்டுவிடுங்கள். கத்தியோடு அங்கே போராடிப் பயனில்லை.

அலகு ஒடிந்துவிட்டது

புதிதாகச் செதுக்குபவர்களைக் கைவிடச் செய்யும் கோளாறு இது. ஒடிந்த முகத்தை உற்றுப் பாருங்கள். அலகின் குறுக்கே நேராக, படியைப் போலச் சட்டென்று ஒடிந்திருந்தால், தலைக் கட்டையில் நார் ஓடும் திசை தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. நார் எப்போதும் அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும். வாத்து தலையைச் சற்றுத் தாழ்த்தியோ உயர்த்தியோ இருப்பதாகச் செதுக்கினால், கட்டையின் மேல் படத்தை அதற்கேற்பச் சாய்த்து வரைந்து, அலகு மட்டும் நாரோடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் கழுத்தில் நார் குறுக்காகப் போய் அந்த இடம் பலவீனமாகுமே என்று கேட்கலாம். ஆகும்தான். ஆனால் கழுத்து தடிமனானது, உள்ளே மரஆணியோ திருகாணியோ போகப்போகிறது. அலகுக்கு அந்தத் துணை கிடையாது. தலையையும் உடலையும் வேறு வேறு கட்டைகளில் செய்யும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

சாய்வாக, நீளமாகப் பிளந்து ஒடிந்திருந்தால் நாரில் தவறில்லை. அலகைச் சீக்கிரமே மெல்லிசாக்கிவிட்டீர்கள், அல்லது வைஸில் அலகைப் பிடித்து இறுக்கிவிட்டீர்கள். தலை முழுவதும் முடிகிறவரை அலகைத் தடிமனாகவே விட்டுவைத்து, கடைசியில் மெலிதாக்குவதுதான் பாதுகாப்பு. உண்மையான மல்லார்டின் அலகு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம். செதுக்கும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவையுங்கள், நுனியில் ஒரு தட்டு விழுந்தாலும் ஒதுக்கிக்கொள்ள இடம் இருக்கும்.

ஒடிந்த துண்டு கையில் இருக்கிறதா? ஒடிந்த முகத்தைத் தேய்க்காதீர்கள், துடைக்காதீர்கள். நீர்த்த சூப்பர் க்ளூ விட்டு உடனே பொருத்தினால் நார்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கோடு தெரியாமல் ஒட்டும். துண்டு தொலைந்துவிட்டால், அந்த இடத்தைத் தட்டையாக வெட்டி, புதுத் துண்டை ஒட்டி, உள்ளே ஒரு மெல்லிய பித்தளைக் கம்பி செலுத்திவிட்டுத் திரும்பச் செதுக்குங்கள். முடிந்த அலகு முழுவதும் நீர்த்த சூப்பர் க்ளூவை ஊறவிட்டால் மரம் இறுகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அதன் ஆவி கண்ணைக் கரிக்கும்.

முகம் கோணல், கண் ஒன்று மேலே ஒன்று கீழே

கண்ணாடிக் கண்ணைப் பிடுங்கித் திரும்பப் பதிப்பதில் பலர் ஒரு மாலைப்பொழுதையே செலவழிக்கிறார்கள். தவறு அங்கே இல்லை. கட்டை சதுரமாக இருந்தபோது நடுக்கோடு போட்டிருப்பீர்கள். செதுக்கும்போது அது அழிந்திருக்கும். திரும்பப் போட்டிருக்க மாட்டீர்கள். ஒரு பகுதியைச் சீவி முடித்த உடனே, அலகின் நுனியிலிருந்து உச்சந்தலை வழியாகப் பிடரி வரை பென்சிலால் கோட்டை மறுபடி வரைவது வழக்கமாகிவிட வேண்டும். பிறகு அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் காம்பஸால் அளந்து பாருங்கள். கண்ணளவை நம்பாதீர்கள், அதிலும் வேலை முடியும் தறுவாயில்.

இன்னொரு வழக்கமும் வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கத்தை அதைப் பார்த்துச் செய்ய முயலாதீர்கள். இங்கே நாலு சீவு, அங்கே நாலு சீவு என்று மாற்றி மாற்றிப் போங்கள். தலையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும், கண்ணாடியில் காட்டினாலும், அதுவரை பழகிப்போய்த் தெரியாமல் இருந்த கோணல் பட்டென்று தெரியும்.

கண்ணுக்கு ஒரே நல்ல வழி, கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை செங்குத்தாக மெல்லிய துளை போட்டுவிடுவது. எவ்வளவு செதுக்கினாலும் அந்தத் துளை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வெளிவரும். ஏற்கனவே செதுக்கி முடித்துவிட்டீர்கள் என்றால், உருண்டைத் தலையுள்ள குண்டூசிகளை இரண்டு பக்கமும் குத்தி, முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்து நகர்த்துங்கள். ஊசி சரியான இடத்துக்கு வந்த பிறகே துளை.

கோணல் சிறியது, மரம் மிச்சமில்லை, இனி சீவவும் முடியாது என்ற நிலை வந்தால் தலையைச் சற்று ஒரு பக்கம் திருப்பி உடலோடு ஒட்டிவிடுங்கள். திரும்பிய தலையில் சமச்சீரை யாரும் தேட மாட்டார்கள், நிஜ வாத்துகளும் எல்லாம் நேராகப் பார்த்துக்கொண்டு மிதப்பதில்லை.

அளவெல்லாம் சரி, ஆனால் குளியல்தொட்டி பொம்மை போல இருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, தலையின் குறுக்குவெட்டு. வாத்தின் தலை பந்து அல்ல; கன்னம் அகலம், உச்சி குறுகல். மேலிருந்து பார்த்தால் உச்சந்தலையின் இரண்டு பக்கமும் கன்னம் பிதுங்கித் தெரிய வேண்டும். இரண்டாவது, அலகின் அடியிலிருந்து கண்ணின் வழியாகப் பின்னால் ஓடும் ஆழமில்லாத வாய்க்கால் போன்ற பள்ளம். கண் அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அது இல்லாமல் உருண்டைக் கன்னத்தின் மேல் கண்ணை ஒட்டினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாக இருந்தாலும் சட்டைப் பொத்தானாகத்தான் தெரியும். மூன்றாவது, கண் வெளியே துருத்துவது. பிசைந்து வைத்தால் இறுகிவிடும் எபாக்ஸி மாவில் ஆழமாக அழுத்தி, சுற்றிலும் இமை வருவதுபோல மாவை இழுத்துவிடுங்கள். மல்லார்டுக்கு 10 மில்லிமீட்டர் பழுப்புக் கண்ணைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள்.

உடலைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: முதுகையும் விலாவையும் கூர்விளிம்போடு விட்டுவிடாதீர்கள். முரட்டு அரத்தால் தாராளமாக உருட்டுங்கள். பழைய வேட்டை வாத்துகளில் இறகு வேலை கிட்டத்தட்ட இருக்காது, உருவம்தான் எல்லாம்.

உடலில் வெடிப்பு விழுந்துவிட்டது

மரம் காயும்போது வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்புறம் ஈரத்தோடு அப்படியே நிற்கும். அந்த இழுபறியில் வெளித்தோல் கிழிகிறது. அதுமட்டும் இல்லை. மரம் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நடுத்தண்டோடு சேர்ந்து அறுத்த கட்டை, அதாவது முனையில் வளையங்களின் மையப்புள்ளி தெரியும் கட்டை, எப்படிக் காயவைத்தாலும் பெரும்பாலும் வெடிக்கும். மரம் வாங்கும்போது முதலில் முனையைப் பாருங்கள். மையம் தெரிந்தால், விலை மலிவு என்றாலும் வேண்டாம்.

ஈரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? சமையலறைத் தராசு போதும். கட்டையை எடை போட்டு அதன் மேலேயே எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை திரும்ப எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் அந்த அறையின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் செதுக்கினால், மீதிச் சுருக்கத்தை உங்கள் பெயிண்டின் மேல்தான் பார்ப்பீர்கள். காற்றில் காயவைக்கும் பலகைக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்று தச்சர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். 4 அங்குலக் கட்டைக்கு அது எவ்வளவு காலம் என்று பாருங்கள்! அதனால்தான் சூளையில் காய்ந்த 2 அங்குலப் பலகைகள் இரண்டை ஒட்டிக் கட்டையாக்குவது புதியவர்களுக்கு நல்ல வழி. இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், ஒட்டும் முகங்கள் தட்டையாக இருக்க வேண்டும், பசை நீர்தாங்கும் வகையாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினால் நடுவில் மூட்டு வாய் பிளக்கும்.

வெடிப்பைத் தடுக்க இன்னொரு வழி, உள்ளே குடைந்துவிடுவது. நியூ ஜெர்சியின் பார்னிகாட் விரிகுடாப் பகுதியில், டக்கர்டனின் ஹாரி ஷூர்ட்ஸ் (1861–1920) போன்றவர்கள் வெள்ளை சிடாரை இரண்டு பாதியாக்கிக் குடைந்துதான் வாத்து செய்தார்கள். இல்லினாய் ஆற்றங்கரையில் ஹென்றி என்ற ஊரின் சார்லஸ் பெர்டியூ (1874–1963) செய்த வாத்துகளும் உள்ளே குடைந்தவைதான். படகில் ஏற்றக் கனம் குறையும், உள்ளே ஈரம் தேங்கத் தடித்த மரமும் இருக்காது. சுவர் அரை அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடைந்த வாத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விடாதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மூட்டின் வழியாக வெளியேறப் பார்க்கும், அங்கே பெயிண்ட் கொப்புளம் கிளம்பும்.

ஏற்கனவே விழுந்த வெடிப்புக்கு என்ன வழி? அவசரப்பட்டு மாவை அடைக்காதீர்கள். வட அமெரிக்கக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மரம் மிகவும் காய்ந்து, வெடிப்பு முழுதாகத் திறந்திருக்கும். அப்போது இறுகும் மாவைத் திணித்தால் கோடையில் மரம் உப்பும்போது இடமில்லாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். அகலமான வெடிப்பு என்றால் அதே மரத்தில் மெல்லிய ஆப்புத் துண்டு சீவி, நார் ஒரே திசையில் வரும்படி வைத்து, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகுங்கள். மயிரிழை வெடிப்புக்கு நீர்த்த எபாக்ஸி போதும். அடிவயிறு வரை பிளந்திருந்தால் அடியிலிருந்து குடைந்து, ஒரு பலகையால் மூடிவிடுங்கள்.

செதுக்கிக்கொண்டிருக்கும் காலத்தில் வெடிக்காமல் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வையுங்கள். மார்பிலும் வாலிலும் நாரின் முனைகள் வெளியே தெரியும் இடங்களில்தான் ஈரம் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

உப்புத்தாள் போட்டும் மேலே பஞ்சு பஞ்சாக நிற்கிறது

பாஸ்வுட், டுபெலோ இரண்டும் இப்படித்தான். தொடர்ந்து தேய்த்தால் பஞ்சு குறையாது, உருவம்தான் குறையும். மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலரை நீர்க்கக் கலந்து ஒரு பூச்சு பூசிக் காயவிட்டால் நார்முனைகள் விறைத்து நிற்கும். அப்போது நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தடவினால் ஒடிந்து போகும்.

தும்மல், மூச்சிறைப்பு

மேற்கத்திய சிவப்பு சிடார் பயன்படுத்துகிறீர்களா? அதன் தூசியில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவையே உண்டாக்கும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி தொடர்ந்தால் மரத்தை மாற்றுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

நீரில் ஒரு பக்கம் சாய்கிறது, கவிழ்ந்தால் எழுவதில்லை

அலமாரியில் வைக்கப்போகும் வாத்துக்கு இது தேவையில்லை. மிதக்கவிடப்போகிறீர்கள் என்றால் சீலர் பூசிய பிறகு, கடைசி நிறம் பூசும் முன் சோதியுங்கள். குளியல்தொட்டியில் நீர் நிரப்பி, ஈயத்துண்டை ரப்பர் பேண்டால் வயிற்றின் அடியில் கட்டிவிடுங்கள். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் நகர்த்திப் பாருங்கள். சமமாக நிற்கும் இடத்தில் பென்சிலால் குறித்து அங்கேயே திருகிவிடுங்கள். பிறகு தலைகீழாகப் போட்டால் தானாக நிமிர வேண்டும். நிமிராவிட்டால் எடையைக் கூட்டுவதைவிட அதைத் தாழ்த்துவது பலனளிக்கும்; படகின் அடிக்கட்டை போல, வயிற்றின் அடியில் நீளவாக்கில் ஒரு பலகை வைத்து ஈயத்தை அதன் அடியில் பொருத்துங்கள்.

எங்கே வைத்தாலும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் ஈயத்தின் மேல் பழி போடாதீர்கள். திரும்பவும் அந்த நடுக்கோடுதான். அடிப்பகுதி ஒரு பக்கம் அதிகம் சீவப்பட்டிருக்கும், அல்லது குடைந்ததில் ஒரு சுவர் தடித்திருக்கும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

மூக்கு முன்னால் கவிழ்ந்து மிதந்தால் ஈயத்தைப் பின்னால் நகர்த்துங்கள். ஆனால் எந்த வாத்து என்பதையும் பாருங்கள். மல்லார்ட் போன்ற மேலோட்டமாக மேயும் வாத்து வாலை நீருக்கு மேலே வைத்து உயரமாக மிதக்கும், கேன்வாஸ்பேக் போன்ற முக்குளிக்கும் வாத்து தாழ்ந்து மிதக்கும்.

பெயிண்ட்: கறை, பிசுபிசுப்பு, பளபளப்பு

வெள்ளைப் பகுதியில் பழுப்பு அல்லது மஞ்சள் கறை ஊறிவந்தால் சிடாரின் சாறோ பைன் கணுவின் பிசினோ கசிகிறது. அதன் மேல் எத்தனை பூச்சு அக்ரிலிக் பூசினாலும் திரும்ப வரும். ஷெல்லாக் (அரக்கு) அடிப்படையிலான அடிப்பூச்சு, அதாவது பிரைமர், ஒன்று பூசி மறைத்துவிட்டு மேலே பூசுங்கள்.

பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கிறது, நகம் பட்டால் உரிகிறது என்றால், அடியில் தடவிய ஆளிவிதை எண்ணெய் இன்னும் இறுகவில்லை. மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை. அந்த எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வெளியே விரித்துக் காயவைத்தோ நீரில் ஊறவைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

பளபளப்பு வேட்டைக்கும் ஆகாது, கண்ணுக்கும் ஆகாது. மேட் பூச்சு ஒன்று பூசினால் போய்விடும். மல்லார்டின் பச்சைத் தலைக்கு மினுமினுக்கும் நிறத்தைக் கெட்டியாகப் பூசுவதுதான் அடுத்த ஆசை. அடக்கிக்கொள்ளுங்கள். அடியில் கரும்பழுப்பு போட்டு, மேலே பச்சையை நீர்க்க நீர்க்க ஏற்றினால் இறகு போலத் தெரியும். கெட்டியாகப் பூசினால் கிறிஸ்துமஸ் அலங்காரம்தான்.

பழைய வாத்து ஒன்று வாங்கினேன், பெயிண்ட் உதிர்கிறது

செதுக்க ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே பழம்பொருள் சந்தைகளிலும் கைவைப்பார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொடாதீர்கள். தேய்க்காதீர்கள், திரும்பப் பூசாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போடுவது உடம்புக்கும் கேடு. அதைவிட, சேகரிப்பவர்கள் செதுக்கியவர் கையால் பூசிய முதல் பூச்சுக்குத்தான் விலை கொடுப்பார்கள். மாசசூசெட்ஸின் எல்மர் குரோவெல் (1862–1952) செய்த இரண்டு பறவைகள், பின்டெய்ல் என்ற வகையின் ஆண் வாத்து ஒன்றும் ஒரு கனடா வாத்தும், 2007-இல் தலா 11.3 லட்சம் டாலருக்கு விற்றன. உங்கள் கையில் இருப்பது பத்து டாலர் வாத்தாகவே இருக்கலாம். இருந்தாலும் அடியில் ஏதாவது முத்திரையோ எழுத்தோ இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு தூரிகையை எடுங்கள்.